‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தொட்டுவிட்டால் அது சம்மதமாகிவிடுமா?

மாணிக்கம்:
செயலிகளின் பயன்பாட்டு விதிமுறைகளை யாரும் படிப்பதில்லை, ஆகவே அவை நம்மைக் கட்டுப்படுத்தா என்று இங்கே பலர் வாதிடுவது எனக்கு விளங்கவில்லை. வாடகைப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டவர் பிறகு புலம்பினால் எந்த நீதிமன்றம் கேட்கும்? மின்னணு வடிவில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்க முடியாது என்றுதான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-ஏ பிரிவும் சொல்கிறது. இலவசமாகக் கிடைக்கும் சேவை பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம்.

கயல்விழி:
வாடகைப் பத்திரம் என்றால் முன்பணத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் பேசலாம். வாட்ஸ்அப்பிடம் யார் பேசுவது? 2016இல் அது ஃபேஸ்புக்குடன் தரவைப் பகிர முற்பட்டபோது, அப்போதிருந்த பயனர்களுக்கு 30 நாள்களுக்குள் மறுக்கும் வாய்ப்பாவது இருந்தது. 2021 ஜனவரியில் வந்த கொள்கையில் அதுவும் இல்லை. பிப்ரவரி 8க்குள் ஏற்க வேண்டும் என்ற அறிவிப்பு மட்டுமே திரையில் வந்து நின்றது. பால்காரர் முதல் பள்ளி ஆசிரியர் வரை அனைவரும் ஒரே செயலியில் இருக்கும்போது ‘விலகலாம்’ என்பது, ஊரின் ஒரே கிணற்றைக் காட்டி, வேண்டாமென்றால் குடிக்காதே என்பதற்குச் சமம். ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கண்டு, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்ததை மறந்துவிட்டீர்களா?

மாணிக்கம்:
கதையைப் பாதியில் நிறுத்துகிறீர்கள். கெடு மே 15க்குத் தள்ளிப்போனது. ஏற்காதவர்களின் வசதிகளைக் குறைக்கப்போவதில்லை என்றும் நிறுவனம் பின்னர் அறிவித்தது. ஆணையம் தண்டித்தது ஆதிக்கத்தை. விதிமுறைகள் ஒப்பந்தமே அல்ல என்று அது சொல்லவில்லை.

இளம்வழுதி:
ஒப்பந்தம் உருவானதா என்பது ஒரு கேள்வி, உருவானது நியாயமானதா என்பது வேறு கேள்வி. இருவரும் இரண்டையும் கலக்கிறீர்கள். முதற்கேள்விக்கு நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் நடந்த வழக்கைப் பாருங்கள். மென்பொருளைப் பதிவிறக்கும் பொத்தான் திரையிலேயே தெரிந்தது. உரிம விதிகளைப் பற்றிய குறிப்போ, பக்கத்தைக் கீழே நகர்த்தினால் மட்டுமே தெரியும் இடத்தில் கிடந்தது. பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்கு உயர்ந்த சோனியா சோட்டோமயோர் 2002இல் எழுதிய தீர்ப்பு, கண்ணில் படாத விதிக்குப் பயனர் சம்மதித்ததாகக் கொள்ள இயலாது என்று கூறி, தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவரிடம் அனுப்பக் கோரிய நிறுவனத்தின் வாதத்தை ஏற்க மறுத்தது. படிக்காதது பயனரின் பிழையாகலாம். படிக்க வழி வைக்காதது அவருடைய பிழையன்று.

இரண்டாவது கேள்விதான் நம் நாட்டில் சிக்கலானது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நியாயமற்ற ஒப்பந்த விதியைச் செல்லாது என மாநில நுகர்வோர் ஆணையம் அறிவிக்கலாம். ஆனால் இலவசமாகத் தரப்படும் சேவை அச்சட்டத்தின் ‘சேவை’ என்ற வரையறைக்குள்ளேயே வராது. (இந்த ஓட்டை பலருடைய கண்ணில் படுவதில்லை.)

கயல்விழி:
அப்படியானால் மாணிக்கம் சொல்லும் ‘இலவசம்’ என்ற சொல்தான் நமக்கு எதிரான ஆயுதம். நாம் பணம் தரவில்லை, தரவைத் தருகிறோம். அதை விலையாகக் கருதாத வரை நாம் வாடிக்கையாளரே அல்லர்.

மாணிக்கம்:
தரவுதான் விலை என்றால், எதை, யாருக்கு, எத்தனை காலத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைக் கடையில் விலைச்சீட்டு ஒட்டுவது போல முதல் திரையிலேயே சொல்ல வேண்டும். அந்த அளவுக்கு உங்கள் பக்கம் வருகிறேன். ஆனால் சீட்டைப் பார்த்து வாங்கிய பிறகு, விலை தெரியாது என்று சொல்லக் கூடாது.