ஹோம்ஸ்டே சூப்பிலும் மோமோவிலும் அஜினோமோட்டோ: எவ்வளவு போடலாம்?

வில்பட்டி அடுப்படி:

கொடைக்கானல் வில்பட்டி பக்கம் சின்ன ஹோம்ஸ்டே. சாயங்காலக் குளிருக்கு வெஜிடபிள் சூப், மோமோ, முட்டை ஃபிரைடு ரைஸ் கொடுக்கிறோம். ராத்திரிக்கு சோறு, ரசம், கூட்டு. சமையல்காரத் தம்பி ஏரிப்பக்கக் கடைகளில் கை பழகியவர். கரண்டி நுனியில் அள்ளி எல்லாவற்றிலும் அஜினோமோட்டோ போடுகிறார், ரசம் உட்பட. தங்க வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே "அஜினோ போடுவீங்களா?" என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் "சூப் பிரமாதம்" என்று இரண்டாவது கப் கேட்கிறார்கள்.

உண்மையிலேயே கெடுதலா? போடலாம் என்றால் ஒரு லிட்டருக்கு, ஒரு பிளேட்டுக்கு எவ்வளவு? கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு என்ன செய்வது? நிறுத்திவிட்டால் சூப்புக்கு அந்த ருசியை வேறு எதில் கொண்டுவரலாம்? "இங்கு அஜினோமோட்டோ சேர்ப்பதில்லை" என்று போர்டு வைக்கிற யோசனையும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழ்மலை மிளகு:

மற்றதெல்லாம் பிறகு. முதலில் ரசத்தில் போடுவதை நிறுத்தச் சொல்லுங்க. புளிப்பு ஏறிய இடத்தில் அது பாதி வேலைகூடச் செய்யாது. ருசி தெரியவில்லை என்று தம்பி இன்னும் கொஞ்சம் அள்ளுவார், காசும் போச்சு, சோடியமும் ஏறிப்போச்சு. புளிக்குழம்பு, எலுமிச்சை சாதம், தயிர்ப்பச்சடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பாயசம், கேக் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

உணவு வேதியியல்:

கெடுதலா என்ற கேள்விக்கு என் பதில்: சமையல் அளவில் இல்லை. அள்ளிப் போடும் அளவில் சிலருக்குத் தொந்தரவு வரலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் இவ்வளவு சண்டை.

அஜினோமோட்டோ என்று நாம் சொல்லும் மோனோசோடியம் குளுடமேட் (சுருக்கமாக எம்.எஸ்.ஜி.) என்பது குளுடாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தின் சோடியம் உப்பு. அதே குளுடமேட் தக்காளியில், பச்சைப் பட்டாணியில், காளானில், பழுத்த சீஸில், தாய்ப்பாலில்கூடத் தனி நிலையில் இருக்கிறது. 1908-இல் டோக்கியோவில் கிகுனே இகெடா என்ற வேதியியலாளர் கொம்பு என்னும் கடற்பாசியின் சாற்றிலிருந்து இதைப் பிரித்தார். மறு வருடமே கடைக்கு வந்துவிட்டது. இப்போது கரும்பாலை மொலாசஸ், மரவள்ளி மாவு போன்றவற்றை பாக்டீரியாவால் நொதிக்க வைத்து எடுக்கிறார்கள். தக்காளியிலிருந்து வந்ததா, பாக்கெட்டிலிருந்து வந்ததா என்று குடலுக்குத் தெரியாது. உள்ளே போகிற குளுடமேட்டில் பெரும்பகுதியைக் குடல் செல்களே எரிபொருளாக எரித்துவிடுகின்றன.

பயம் கிளம்பியது 1968-இல். ராபர்ட் ஹோ மான் குவோக் என்ற டாக்டர் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். சீன உணவகத்தில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது, சமையல் ஒயினா, உப்பா, எம்.எஸ்.ஜி.யா தெரியவில்லை என்பது அதன் சாரம். அது ஆய்வு இல்லை, சந்தேகம் கேட்ட கடிதம். அடுத்த வருடம் சுண்டெலிக் குட்டிகளுக்குத் தோலடியில் பெரிய அளவில் ஊசி போட்டுப் பார்த்ததில் மூளைப் பாதிப்பு தெரிந்தது. ஊசியில் ஏற்றியதையும் சோற்றோடு சாப்பிடுவதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

பிறகு, "எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று சொன்ன 130 பேரிடம், கொடுப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் எது எம்.எஸ்.ஜி., எது வெறும் பானம் என்று தெரியாதபடி சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். வெறும் வயிற்றில் 5 கிராம் கொடுத்தபோது சிலருக்கு அறிகுறி வந்தது. திரும்பத் திரும்பச் சோதித்தபோது அதே ஆளுக்கு அதே அறிகுறி நிலையாக வரவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்வதும் இதை ஒட்டியதே: சாப்பாடு இல்லாமல் 3 கிராமோ அதற்கு மேலோ எடுத்தால் சிலருக்குக் கொஞ்ச நேரம் தலைவலி, மரமரப்பு, முகம் சிவத்தல், படபடப்பு வரலாம். அவர்கள் கணக்கில் ஒரு வேளை உணவில் சேர்ப்பது பொதுவாக அரை கிராமுக்கும் கீழே.

"சூடு பண்ணினால் விஷமாகும்" என்பதும் சரியில்லை. புளிப்பான குழம்பில் நெடுநேரம் கொதித்தால் குளுடமேட்டில் ஒரு பகுதி ருசியில்லாத வேறு பொருளாக மாறும். அவ்வளவுதான்.

கைக்குழந்தை விஷயம்: எம்.எஸ்.ஜி. சேர்த்த பாக்கெட் உணவில், 12 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அதையே உங்கள் அடுப்படிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கான கஞ்சி, பருப்புத் தண்ணீரில் இதுவும் வேண்டாம், உப்பும் வேண்டாம். கர்ப்பிணிகள், "எனக்குத் தலைவலிக்கும்" என்கிறவர்கள் கேட்டால் வாதாடாமல் தனியாக எடுத்துவைத்துக் கொடுங்கள்.

மோமோ மாஸ்டர், கோத்தகிரி:

அளவுக்கு வருவோம். கரண்டி நுனி என்பதெல்லாம் அளவே இல்லை. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கிக் கொடுங்க. தராசு இல்லாத நேரத்துக்கு: தலைதட்டின ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம், குருணையின் பருமனைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். மொத்த உணவின் எடையில் 0.1 முதல் 0.4 சதவீதம் போதும். அதுக்கு மேல போனா ருசி ஏறாது. நாக்கில் வழவழன்னு ஒரு பூச்சு நிக்கும், எல்லா ஐட்டமும் ஒரே மாதிரி இருக்கும். ரோட்டுக்கடை சாப்பாட்டில் அந்த "ஒரே ருசி" வர்றதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

சூப், ஒரு லிட்டர்: உப்பு 6 கிராம், அஜினோ 2 கிராம், அதாவது தலைதட்டின அரை டீஸ்பூன். கடைசியில், அடுப்பை அணைக்கிறதுக்கு முன்னாடி. எலுமிச்சை, வினிகர் எல்லாம் சூப்பைக் கிண்ணத்தில் ஊத்தின பிறகுதான். உப்பை முழுசாப் போட்டு ருசி பார்த்துட்டு அதுக்கு மேல அஜினோ போட்டா கரிக்கும். அஜினோ போட்டுக் கரைச்சுட்டு, உப்பைக் கடைசியா நிறுத்துப் போடணும்.

ஃபிரைடு ரைஸ்: ஒரு பிளேட் 350 கிராம்னா 0.7 கிராம், அதிகபட்சம் 1 கிராம். இங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. அஜினோ தண்ணியில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெய் ஏறின சோத்து மேல தூவினா ஒரு வாயில் ஒண்ணுமில்லை, அடுத்த வாயில் குருணை குருணையா மாட்டும். காய்ஞ்ச கடாயில் நேரா விழுந்தா பழுப்பேறிக் கசக்கும். சோயா சாஸோட ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணி சேர்த்து, அதில் உப்பு, அஜினோ ரெண்டையும் கரைச்சு, கடாய் ஓரமா சுத்தி ஊத்தச் சொல்லுங்க. சோயா சாஸிலேயே உப்பும் குளுடமேட்டும் இருக்கு, அதைக் கணக்கில் கழிச்சுக்கணும்.

மோமோ பூரணம், அரை கிலோ முட்டைக்கோஸ், கேரட், காளான் கலவை: முதலில் கோஸை உப்புப் போட்டுப் பிசிறிப் பத்து நிமிஷம் வெச்சுப் பிழியணும். அஜினோவை அந்த உப்போட சேர்த்துப் போட்டா பிழியுற தண்ணியோட போயிடும். பிழிஞ்ச பிறகு 1.5 கிராம், வதக்கின பூண்டு, வெங்காயத்தாள், ஒரு ஸ்பூன் எண்ணெய். சிக்கன் பூரணத்துக்கு அரை கிலோவுக்கு 2 கிராம்.

முட்டைக்கு ஒரு சிட்டிகை. பருப்புக்கூட்டு, குருமாவுக்கு வேண்டியதில்லை, மசாலாவே பேசும். பூம்பாறை மலைப்பூண்டை நல்லா வதக்கிப் போட்ட எதிலயும் முதல்ல ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க. அஜினோவைக் கையில் எடுக்கிறது அப்புறம்.

உணவு வேதியியல்:

மாஸ்டர் சொன்ன அளவை வரம்புகளோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு 1987-இல் தினசரி வரம்பு எண் குறிக்கத் தேவையில்லை என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் உடல் எடை கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வைத்தது. கடுமையான எண்ணையே எடுத்துக்கொண்டாலும் 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 1.8 கிராம். 200 மில்லி சூப்பில் 0.4, ஒரு பிளேட் ஃபிரைடு ரைஸில் 0.7, ஆக 1.1 கிராம். உள்ளேதான் நிற்கிறது. ஆனால் 15 கிலோ குழந்தைக்கு அதே கணக்கு 0.45 கிராம்தான் வரும். ஒரு முழு பிளேட் சாப்பிட்டால் தாண்டிவிடும். தம்பியின் கரண்டி நுனி 4 கிராம் என்றால் பெரியவருக்கே ஒரு பிளேட்டில் இரண்டு மடங்கு.

சாப்பிட்ட பிறகு தொண்டை வறண்டு தண்ணீர் கேட்பதை எல்லோரும் அஜினோ தலையில் கட்டுகிறார்கள். சோடியத்தைப் பாருங்கள்: உப்பில் 39 சதவீதம், எம்.எஸ்.ஜி.யில் 12 சதவீதம். ஒரு பிளேட்டில் உப்பு, சோயா சாஸ், சில்லி சாஸ் மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை அது. திருப்பிப் போட்டால் லாபமும் உண்டு. 6 கிராம் உப்புப் போடும் இடத்தில் 4 கிராம் உப்பும் 1 கிராம் எம்.எஸ்.ஜி.யும் போட்டால் சோடியம் 2.36 கிராமிலிருந்து 1.69 கிராமுக்கு இறங்கும், ருசி குறையாது. உப்பைக் குறைக்காமல் மேலே சேர்த்தால் இந்த லாபம் கிடைக்காது. ரத்தக் கொதிப்புக்காரர்களுக்குச் சமைக்கும்போது இதைக் கவனியுங்கள்.

வில்பட்டி அடுப்படி:

கணக்கோடு சொன்ன எல்லோருக்கும் நன்றி. தராசு வாங்கிவிடுகிறேன். போர்டு பற்றி யாரும் சொல்லவில்லையே. அஜினோ பாக்கெட்டையே அடுப்படியில் வைக்காமல், சூப்புக்கு சிக்கன் க்யூப், மஷ்ரூம் மசாலா மட்டும் போட்டால் அந்த போர்டு வைக்கலாமா?

கீழ்மலை மிளகு:

வைக்காதீங்க. அந்த க்யூபைத் திருப்பிப் பாருங்க. ருசி கூட்டி 621 என்று இருந்தால் அது அஜினோதான். பக்கத்தில் 627, 631, இல்லை 635 இருக்கும். அதெல்லாம் குளுடமேட்டோடு சேர்ந்தால் ருசியைப் பல மடங்கு தூக்கிவிடுகிற கூட்டாளிகள். ஹைட்ரலைஸ்டு புரோட்டீன், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் என்று போட்டிருந்தால் 621 என்று எழுதாமலேயே உள்ளே குளுடமேட் இருக்கும். சோயா சாஸ் ஊற்றுகிற அடுப்படியில் அந்த போர்டு பாதிப் பொய். பாக்கெட் கம்பெனிக்காரர்களே "சேர்க்கவில்லை" என்று போட்டு வம்பில் மாட்டியது இதே இடத்தில்தான். ஆய்வகத்தில் சோதித்தால் இயற்கையாக இருப்பதும் சேர்த்ததும் பிரித்துத் தெரியாது.

மெனுவில் ஐட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதுங்க: "சூப், ஃபிரைடு ரைஸ்: அஜினோமோட்டோ உண்டு. முன்னாடியே சொன்னால் இல்லாமல் செய்து தருவோம்." இதுவரை அப்படிச் சொல்லி ஓடிப்போன ஆளை நான் பார்த்ததில்லை.

காளான் கொட்டகை:

அஜினோ இல்லாத சூப்புக்கு வழி கேட்டிருந்தீங்க. மலையில் கிடைக்கிற மொட்டுக் காளான் போதும், ஆனால் காயவைக்கணும். 1 கிலோ பச்சைக் காளான் காய்ந்தால் 100 கிராம்கூடத் தேறாது. 5 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, ஓவனில் 60 டிகிரியில், கதவை ஒரு விரல் திறந்துவைத்து, ஆறிலிருந்து எட்டு மணி நேரம். வெயிலை நம்பாதீங்க, மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கினால் பாதி காய்ந்த காளான் ஈரம் குடித்து மறுநாள் பூசணம் பிடிக்கும். ஒடித்தால் அப்பளம் மாதிரி ஒடியணும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கு.

பொடியாக அரைத்து, ஒரு லிட்டர் சூப்புக்கு 8 முதல் 10 கிராம். கொதிக்கிற தண்ணீரில் போடக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து 60, 65 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, அப்புறம் கொதிக்க விடணும். காளானில் இருக்கிற நொதிகள் அந்தச் சூட்டில்தான் குவானிலேட் என்ற ருசிப் பொருளைப் பிரித்துக் கொடுக்கும், கொதித்தால் செத்துவிடும். ஷிடாகே காளான் அளவுக்கு மொட்டுக் காளானில் வராது. அதற்குத்தான் துணைக்கு நன்றாகப் பழுத்த தக்காளி இரண்டும் ஒரு கைப்பிடி பச்சைப் பட்டாணியும். குளுடமேட் அவற்றிலிருந்து, குவானிலேட் காளானிலிருந்து. ஒட்டன்சத்திரத்திலிருந்து செங்காயாக ஏறிவரும் தக்காளியை உடனே போடாமல் இரண்டு நாள் பழுக்கவிடுங்க. கொடைக்கானலில் பழுத்த கெட்டிச் சீஸ் வாங்கினால் ஓரத்தோலைத் தூக்கிப் போடாமல் சூப்பில் போட்டு, பரிமாறும் முன் எடுத்துவிடலாம்.

இன்னொன்று. இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். எலும்பு, காய்ச் சாறு சமவெளியில் இறங்குகிற நேரத்தில் இங்கே இறங்காது. அவசரத்துக்கு அஜினோவை அள்ளுகிற பழக்கத்துக்கு அதுவும் காரணம். காய்ச் சாறுக்குக் குக்கரில் 15 நிமிஷம், கோழி எலும்புக்கு 40 நிமிஷம் வைத்தால் சாறு முழுசாக இறங்கிவிடும், அஜினோவைப் பாதியாகக் குறைக்கலாம்.

பொடிக்குக் கடையில் வாங்கின காளான் மட்டும். சோலையிலும் பைன் காட்டிலும் முளைத்ததை யார் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தாலும் அடுப்படிக்குள் விடாதீங்க.

மோமோ மாஸ்டர், கோத்தகிரி:

காளான் பொடி போடுற நாளில் அஜினோவும் போடணும்னா லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல வேண்டாம், ரெண்டும் சேர்ந்தா ஏத்திவிட்டுடும்.

அஜினோவை உதிரியா கிலோ கணக்கில் வாங்காதீங்க, உப்பு கலந்து வருது. நல்ல சரக்கு ஊசி மாதிரி நீளக் குருணையா, பளபளன்னு இருக்கும்; உப்பு கட்டம் கட்டமா இருக்கும். லென்ஸ் வெச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும். உப்பு கலந்ததை வெச்சு மேல சொன்ன எந்த அளவும் சரியா வராது. மஞ்சு நாளில் கட்டி தட்டாம இருக்கக் கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடி, உள்ள ஈர ஸ்பூன் போகக்கூடாது. பாட்டில்மேல பேர் எழுதி ஒட்டி, சர்க்கரை டப்பா இருக்கிற தட்டில் வைக்காம வேற தட்டில் வைங்க. விடிகாலைக் காபி போடுறவர் தூக்கத்தில் ரெண்டையும் மாத்தி எடுத்துடுவார்.