எண்ணிச் சொல்லிக்கொடுப்பவர் சல்சா நடன வாத்தியாரே இல்லையாமே?

எட்டெண்ணி: நேற்று ஒரு மேதை எழுதியிருந்தார்: "ஒன்று, இரண்டு, மூன்று என்று கத்துகிறவர் உடற்பயிற்சி வாத்தியார். முதல் வகுப்பிலேயே கொங்கா மேளத்தைக் கேட்கச் சொல்லுங்கள், கால் தானாக வரும்." தானாக வருமாம்! புதிதாக வருபவருக்குக் கொங்காவில் எது கேட்கும்? நாலாவது பீட்டில் விழுகிற 'தும்-தும்' மட்டும்தான். இரண்டில் விழுகிற ஸ்லாப், கையால் அறைகிற அடி, அவர் காதில் ஏறவே ஏறாது. நேராக நாலில் காலை வைப்பார். எட்டு பீட் சுற்றில் நாலும் எட்டும் கால் வைக்காத இடம். யார் திருத்துவது?

கொங்காபிரியன்: எழுதியது நான்தான். பெயரைச் சொன்னால் வாய் சுடுமா? நாலில் 'தும்-தும்' கேட்டால் நல்லதுதானே! அடுத்த ஒன்றுக்குக் கூப்பிடுகிற அடி அது. அதைப் பிடித்தவர் ஒன்றைத் தேடி அலைய மாட்டார். உங்கள் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டில் பிரேக் வரும், எல்லா வாத்தியமும் கப்பென்று நிற்கும், இவர்கள் மட்டும் கரண்ட் போனது தெரியாத மாவு மெஷின் மாதிரி சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

எட்டெண்ணி: என் மாணவர்கள் இருக்கட்டும். நாலில் கால் வைத்தால் என்ன செய்வீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

புதுக்காலடி: ஒரு சந்தேகம். இசையுணர்வு, மியூசிக்காலிட்டி என்கிறார்களே, அது பீட் தவறாமல் ஆடுவதா, பாட்டு மாறும்போது ஆட்டத்தையும் மாற்றுவதா?

கொங்காபிரியன்: நாலில் கால் வைத்தால் வானம் இடிந்துவிடுமா? 1950களில் நியூயார்க்கின் பல்லேடியம் நடன அரங்கில் டிட்டோ புவெந்தே, மச்சிட்டோ இசைக்குழுக்களின் வாசிப்புக்கு, சல்சாவின் முன்னோடியான மாம்போ ஆடியவர்கள் இரண்டு, மூன்று, நாலு என்றுதான் கால் வைத்தார்கள். அங்கே போய்த் திருத்துங்களேன்.

எட்டெண்ணி: அது வேறு பாணி. இன்று ஆன்-டூ, அதாவது இரண்டில் திசை மாறும் பாணி, என்று எங்கும் சொல்லிக்கொடுப்பது நியூயார்க் வாத்தியார் எடி டோரஸின் வழி. அதிலும் கால் விழுவது ஒன்று-இரண்டு-மூன்று, ஐந்து-ஆறு-ஏழில்தான். எண்ணுக்குள் கொண்டுவந்ததால்தான் அது ஊரெல்லாம் பரவியது. எண்ணுக்குள்! மறுபடி கேட்கிறேன்: நாலில் தும்-தும். புதியவர். என்ன செய்வீர்கள்?

கொங்காபிரியன்: கைதட்டச் சொல்வேன். அந்த இரண்டு அடிக்கும் கை, அது முடிந்ததும் கால். பாட்டு சூடேறி போங்கோ என்ற சின்ன இரட்டை மேளம் வாசிப்பவர் மணியைக் கையில் எடுத்துவிட்டால் இன்னும் சுலபம், ஒன்று, மூன்று, ஐந்து, ஏழில் டங் டங் என்று கேட்கும். இரண்டு குச்சிகளைத் தட்டும் கிளாவே என்ற அடிப்படைத் தாளத்தை முதல் நாளே திணிக்க நான் சொல்லவில்லை. பல பாட்டில் அந்தக் குச்சிகளைத் தட்டவே மாட்டார்கள், ஆனாலும் மற்ற வாத்தியமெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் போகும். இதெல்லாம் எண்ணிக்கொண்டே இருந்தால் எப்படித் தெரியும்?

நிழல்நடை: உங்களுக்குக் கையைக் கொடுத்து ஆடுகிறவர்கள் பற்றி ஒருவராவது பேசினீர்களா? 'காது' உள்ள லீடர்களோடு, ஜோடியில் வழிநடத்துகிறவர்களோடு, ஆடியிருக்கிறேன். டிம்பாலே மேளத்தில் ஓர் உருட்டல் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஆனால் கட்டைவிரல் என் புறங்கையைப் பூட்டி வைத்திருக்கும். அப்படியே திருப்பினால் மணிக்கட்டு முறுகும். ஒன்றில் திசை மாறும் ஆன்-ஒன் பாணியில், ஐந்தில் நான் திரும்ப வேண்டும் என்றால் அதற்கு முன்பே கை உயர வேண்டும். ஐந்தில் உயர்த்திவிட்டு "இசையை உணருங்கள்" என்கிறார்கள். எண்ணுகிறவர்களாவது நேரத்துக்குக் கையைத் தூக்குகிறார்கள்.

எட்டெண்ணி: கேட்டுக்கொள்ளுங்கள்.

கொங்காபிரியன்: ஃபாலோயர், அதாவது பின்தொடர்ந்து ஆடுபவர், காத்திருந்தால் எதுவும் முறுகாது. பாதிப் பேர் கை உயர்வதற்கு முன்பே திரும்பிவிடுகிறார்கள், அதுவும் எண்ணிப் பழகிய வினைதான். பச்சாட்டா நடனம் பற்றிய பேச்சிலும் இப்படித்தான் நடுவில் வந்து குற்றம் சொன்னீர்கள்.

நிழல்நடை: அந்தப் பேச்சில் நாலாவது பீட்டில் காலைத் தட்டுகிற டேப்பே வேண்டாம் என்று சொன்ன மகான் நீங்கள்தானே? நாலு என்றாலே உங்களுக்கு ஏதோ பழைய பகை. காத்திருப்பதைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம், முதலில் கட்டைவிரலை எடுங்கள்.

புதுக்காலடி: என் கேள்வி...

எட்டெண்ணி: கைதட்டுவதும் எண்ணுவதும் ஒன்றுதான் ஐயா. வாயால் சொல்லாமல் கையால் சொல்கிறீர்கள், அவ்வளவுதான்.

கொங்காபிரியன்: ஒன்றே இல்லை. எண் உங்கள் வாயிலிருந்து வருகிறது, அடி பாட்டிலிருந்து வருகிறது. இது புரியாதவரோடு பல்லேடியம் பற்றிப் பேசியது என் தப்பு. அது எந்த வருடம் மூடப்பட்டது என்றாவது தெரியுமா?

எட்டெண்ணி: 1966. எண்ணத் தெரிந்தவனிடம் வருடம் கேட்கிறீர்களே!