டபுள் கேப் பக்கிக்கு எந்த கூஸ்நெக் ஹிட்ச் போடலாம்?

டோங்காட்_தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே. என்கிட்ட ஃபோர்டு ரேஞ்சர் டபுள் கேப் பக்கி (ரெண்டு வரிசை சீட்டும் பின்னாடி திறந்த பெட்டும் உள்ள பிக்கப் வண்டி) இருக்கு. மாமா கரும்புத் தோட்டத்து சின்ன டிராக்டரையும் ஸ்லாஷரையும் (டிராக்டர்ல மாட்டி புல் வெட்டுற மெஷின்) ஏத்திட்டு இங்க தென்னாப்பிரிக்காவுல அப்பப்போ உம்சிந்தோ வரைக்கும் போய் வரணும், மூயி ரிவர் பக்கம் ஒரு விவசாயி கூஸ்நெக் ட்ரெய்லர் (கழுத்து மாதிரி வளைஞ்சு வந்து வண்டி பெட்டுக்குள்ளயே மாட்டுற டைப்) விக்கிறாரு, விலை சல்லிசா இருக்கு, காலி எடை 1100 கிலோங்கிறாரு, டிராக்டரும் ஸ்லாஷரும் சேர்ந்து ஒரு 1900 வரும், ஆக மொத்தம் 3000. பக்கி 3500 இழுக்கும்னு புக்லயே போட்டிருக்கு, அதனால அதுல பிரச்சனை இல்ல. என் கேள்வி ஹிட்ச் (ட்ரெய்லரை வண்டியோட இணைக்கிற அமைப்பு) பத்திதான். லோட் பெட் மேல பிளேட் வச்சு மாட்டுறதா, இல்ல அடியில ஃபிரேம் போட்டு பால் (ட்ரெய்லர் கப்ளர் உக்கார்ற இரும்பு உருண்டை) மட்டும் மேல வர்ற மாதிரி வைக்கிறதா? இங்க ஒரு ஒர்க்‌ஷாப்ல பெட் தகட்டுலயே பிளேட் போல்ட் பண்ணி ஒரே மதியத்துல முடிச்சுத் தரேன்னு சொல்றாங்க.

ஸ்பேனர்_அண்ணாச்சி:
தம்பி, அந்த ஒர்க்‌ஷாப் பக்கமே போயிடாத. பெட் தகடு காய்கறி மூட்டைக்குத்தான் தாங்கும், ட்ரெய்லர் இழுப்பு நேரா சேசிஸுக்குப் போகணும். மேல போட்டாலும் சரி கீழ போட்டாலும் சரி, குறுக்குச் சட்டம் ரெண்டு சேசிஸ் பீம்லயும் போல்ட்ல உக்காரணும், சேசிஸ்ல வெல்டிங் வேண்டவே வேண்டாம். கீழ போடுற டைப் நல்லது, பாலைக் கழட்டிட்டா பெட் காலியாயிடும். ஆனா கடையில விக்கிற ரெடிமேட் கிட் பெரும்பாலும் அமெரிக்காவோட பெரிய டிரக்குகளுக்குச் செஞ்சது, ரேஞ்சருக்கு அப்படியே உக்காராது. பால் பின் ஆக்சிலுக்கு நேர் மேல, இல்லன்னா கொஞ்சம் முன்னாடி இருக்கணும். பின்னாடி போச்சுன்னா முன் சக்கரம் லேசாயி ஸ்டியரிங் மிதக்கும். பெட் சைடுக்கும் ட்ரெய்லர் கழுத்துக்கும் நடுவுல 15 சென்டிமீட்டராவது விடு, இல்லன்னா மேடு பள்ளத்துல சைடை நசுக்கிடும்.

இப்ப உன் கணக்குக்கு வர்றேன். புக்ல போட்ட 3500 பின்னாடி டோபாருக்கு (பம்பருக்குக் கீழ இருக்கிற இழுவைக் கம்பி). அதுல பால் மேல இறங்கக்கூடிய பாரம் 350 கிலோதான். கூஸ்நெக்ல ட்ரெய்லர் எடையில 20 சதவீதம், சில சமயம் 25 கூட பெட்ல இறங்கும். உன் 3000க்கு 600 கிலோ. ஹிட்ச் இரும்பு ஒரு 70, உள்ள நாலு பேர்னா 300, மொத்தம் 970. ரேஞ்சர் பேலோடே (வண்டி மேல ஏத்தக்கூடிய மொத்த பாரம்) ஏறக்குறைய ஒரு டன்தான், மாடலுக்கு மாடல் மாறும். கேனப்பி (பெட்டுக்கு மேல மூடுற கூடு) வேற மாட்டியிருந்தா தாண்டிடுச்சு.

வெருலம்வாசி:
லைசென்ஸ் கோட் EBயா (காரோட கனமான ட்ரெய்லரும் இழுக்கிறதுக்கான லைசென்ஸ்)? ட்ரெய்லரோட GVM (பாரத்தோட சேர்த்து அனுமதிச்ச அதிகபட்ச எடை) 750 கிலோவைத் தாண்டினா வெறும் B செல்லாது. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல கேக்குறது அதுதான்.

டோங்காட்_தம்பி:
EB இருக்கு அண்ணே. கூஸ்நெக் போட்டா ட்ரெய்லர் ஆடாம வரும்னு எல்லாரும் சொல்றாங்களே, N2 ஹைவேல அந்தக் காத்துல அது பெரிய விஷயமாச்சே.

கரும்புக்காட்டான்:
ஆடாதுங்கிறது நிஜம். பாரம் ஆக்சில் மேலயே நிக்குது, வாலைப் புடிச்சு ஆட்டுற வேலை கிடையாது. அண்ணாச்சி சொல்ற கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சு, டோபார்ல உன் 3000ல பத்துல ஒரு பங்கு, 300 கிலோ வச்சா அது ஆக்சிலுக்குப் பின்னாடி ஒரு மீட்டருக்கு மேல தொங்குது, நெம்புகோல் மாதிரி முன்னாடியைத் தூக்கி பின் ஆக்சில்ல கிட்டத்தட்ட 400 ஆயிடும். அதனால 300க்கு 600ன்னு நேரா ஒப்பிட முடியாது. இருந்தாலும் டபுள் கேப்புக்கு நான் கூஸ்நெக் சொல்ல மாட்டேன், பெட் ஒண்ணரை மீட்டர்தான், ரிவர்ஸ்ல முழுசா வளைச்சா ட்ரெய்லரோட முன் மூலை டெயில் லைட்டை முத்தம் குடுக்கும். சிங்கிள் கேப்னா யோசிக்கலாம்.

இன்னொண்ணு, போறதுக்கு முன்னாடி அந்த ட்ரெய்லர் கழுத்துக்கு அடியில போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. பால் கப்ளரா, லாரி மாதிரி கிங்பின்னா (கீழ நீட்டிட்டு இருக்கிற தடிச்ச இரும்பு முளை)? கிங்பின்னா உனக்கு வேண்டியது ஃபிஃப்த் வீல் பிளேட் (அந்த முளையைப் புடிக்கிற தட்டு), பாலே கிடையாது. கப்ளர்னா அளவு என்ன? அமெரிக்கா டைப்னா 2 5/16 இஞ்ச், அதாவது 58.7 மில்லி. நம்ம ஊரு 50 மில்லி பால்ல அது உக்காந்த மாதிரியே தெரியும், குழியில விழுந்தா கழண்டு வந்துடும்.

ஸ்பேனர்_அண்ணாச்சி:
நெம்புகோல் கணக்கு சரிதான், ஒத்துக்கிறேன். ஆனா 350ங்கிற லிமிட்டை கம்பெனியே சோதிச்சுக் குடுத்திருக்கான், பெட்ல 600க்கு அவன் ஒரு வார்த்தையும் எழுதிக் குடுக்கல.

டோங்காட்_தம்பி:
போட்டோ வந்துச்சு, கிங்பின். விட்டுட்டேன். டபுள் ஆக்சில், சாதாரண டிராபார் (டோபார்ல மாட்டுற கம்பி), பிரேக்கோட ட்ரெய்லர் யார்கிட்டயாவது இருக்கா? பைன்டவுன் பக்கம்னா வந்து பாத்துக்கிறேன்.