5ஜி ரூட்டரில் இரண்டு ஆன்டெனா இருந்தும் அப்லோடு ஏன் ஏறவில்லை?

வைகைக்கரை:
வணக்கம். மதுரைப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் எல்லாம் நேரலை செய்கிறோம். ஆறு மாதத்துக்கு முன் 5ஜி ரூட்டர் ஒன்று வாங்கினேன். 3.5 கிகாஹெர்ட்ஸ், அதாவது என்78 பேண்ட். அட்டைப்பெட்டியில் 2 ஆன்டெனா அனுப்பும், 4 ஆன்டெனா வாங்கும் என்று போட்டிருக்கிறது. டவுன்லோடு 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வருகிறது, அப்லோடு மட்டும் 10-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. எனக்கு வேண்டியதே அப்லோடுதான். மூன்று கேமரா, ஒவ்வொன்றுக்கும் 6 எம்பிபிஎஸ் வேண்டும். போன வாரம் ஊருக்கு வெளியே ஒரு மண்டபத்தில் சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் படம் நின்றுவிட்டது. சிங்கப்பூரில் விடிந்ததிலிருந்து காத்திருந்த பெண்ணின் சித்தப்பா குடும்பம் அதைப் பார்க்கவே இல்லை. அதைத் திரும்ப நடத்திக் காட்ட முடியுமா? இன்னும் மனசு ஆறவில்லை. வெளியே இரண்டு ஆன்டெனா வைத்தால் அப்லோடு இரட்டிப்பாகும் என்று சொல்லி, 10 மீட்டர் கேபிளோடு சேர்த்துத் தருகிறார் கடைக்காரர். வாங்கலாமா?

கோபுரம்64:
முதலில் அந்தக் கேபிளை வாங்காதீர்கள் அண்ணே. மெல்லிய ஆன்டெனா கேபிள் 3.5 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபல் தின்னும், 10 மீட்டர் போனால் பத்தில் ஒரு பங்கு சக்திதான் ஆன்டெனாவுக்கே போய்ச் சேரும்.

இப்போது இரட்டிப்பு விஷயம். டவரில் இருக்கும் ரேடியோ 200 வாட், அதற்கு மேலும் அனுப்பும். உங்கள் ரூட்டர் அனுப்புவது பெரும்பாலும் 23 டிபிஎம், அதாவது 0.2 வாட். அதனால்தான் அங்கிருந்து வருவது நன்றாகக் கேட்கிறது, இங்கிருந்து போவது கேட்பதில்லை. நேரப் பங்கீடும் ஒரு காரணம்தான். அப்லிங்க்கும் டவுன்லிங்க்கும் ஒரே அலைவரிசையை மாறி மாறிப் பயன்படுத்துகின்றன, வழக்கமான அமைப்பில் ஐந்து ஸ்லாட்டில் ஒன்றுதான் முழுதாக நமக்கு. ஆனாலும் 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் முழுக்கக் கிடைத்து, சிக்னலும் அருமையாக இருந்தால், ஒரே லேயரில் 125 எம்பிபிஎஸ் வரை கணக்கு வருகிறது. லேயர் என்றால் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல ஆன்டெனா வழியாகப் போகும் தனித்தனித் தரவு ஓட்டங்களில் ஒன்று. நீங்கள் 10-இல் நிற்கிறீர்கள் என்றால் உங்கள் பிரச்சினை ஆன்டெனா எண்ணிக்கை அல்ல, சக்தி.

இரண்டு லேயர் என்றால் இருக்கும் சக்தியை இரண்டாகப் பிரித்துத்தான் அனுப்ப வேண்டும். டவரில் சிக்னல் இரைச்சலைவிட 20 டெசிபல் மேலே இருந்தால், ஒரு லேயரில் ஹெர்ட்ஸுக்கு 6.7 பிட் போவது இரண்டு லேயரில் 11.3 ஆகும், நல்ல லாபம். சிக்னலும் இரைச்சலும் சமமாக இருக்கும் இடத்திலோ 1 பிட் என்பது 1.17 ஆகும், அவ்வளவுதான். அந்த மாதிரி இடத்தில் இரண்டு ஆன்டெனாவும் ஒரே தரவை அலைகள் ஒன்றோடொன்று சேரும்படி அனுப்புவதுதான் உதவும். ரூட்டர் ஒவ்வொரு ஆன்டெனாவிலிருந்தும் சோதனை சிக்னல் அனுப்பும், டவர் அதைக் கேட்டுவிட்டு இரண்டு அலையின் ஏற்ற இறக்கத்தை எப்படிப் பொருத்தச் சொல்கிறதோ அப்படியே ரூட்டர் பொருத்தி அனுப்பும். ஒவ்வொரு ஆன்டெனாவும் முழு 23 டிபிஎம் தரக்கூடிய கருவியாக இருந்தால், ஒரு ஆன்டெனாவோடு ஒப்பிடும்போது 6 டெசிபல் வரை கிடைக்கும். எல்லாக் கருவியும் இதைச் சரியாகச் செய்வதில்லை.

ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் அனுப்பும் சக்தி எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். உச்சத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் நான் சொன்னதுதான் காரணம்.

பொள்ளாச்சிக்காரன்:
மேலே சொன்னது சரி, இரண்டு விஷயம் சேர்க்கிறேன். உங்கள் சிம் 4ஜியைத் துணைக்கு வைத்து ஓடும் 5ஜியா, தனித்து ஓடும் 5ஜியா? முதல் வகை என்றால், பெரும்பாலான கருவிகளில் இரண்டு டிரான்ஸ்மிட்டரில் ஒன்று 4ஜிக்குப் போய்விடும், 5ஜிக்கு ஒன்றுதான் மிஞ்சும். அப்புறம், வெளி ஆன்டெனா போடும் துளைகளில் சில வாங்க மட்டுமே செய்யும். அதில் மாட்டினால் டவுன்லோடுதான் ஏறும்.

ஆன்டெனா வாங்கினாலும் நெட்டுக்குத்தாக நிற்கும் இரண்டு குச்சி வேண்டாம். திறந்தவெளியில் டவர் நேராகத் தெரிந்தால், அங்கிருந்து பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும், லேயரைப் பிரிக்க முடியாது. ஒன்று இடப்பக்கம் 45 டிகிரி, மற்றது வலப்பக்கம் 45 டிகிரி சாய்ந்த பேனல்தான் வேண்டும்.

எங்கள் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ்தான் ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் கைலாத்தோடு சேர்ந்து 1992-இல் இப்படிப் பல ஆன்டெனா வைத்துத் தரவை லேயர்களாகப் பிரித்து அனுப்பும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்கு முன் இந்தியக் கடற்படைக்கு சோனார் செய்தவர். பல காதுகளால் கேட்டு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவதுதானே அங்கேயும் வேலை!

சிக்னல்பித்தன்:
26 கிகாஹெர்ட்ஸும் 2022-இலேயே ஏலம் போய்விட்டதே, அது வந்தால் இந்தத் தொல்லை தீருமா?

கோபுரம்64:
அலைவரிசை அகலம் நிறையக் கிடைக்கும், ஆனால் ஆன்டெனா பலம் மாறாமல் இருந்தால் 3.5-ஐவிட 17 டெசிபல் கூடுதல் இழப்பு. அலைநீளம் 11.5 மில்லிமீட்டர்தான் என்பதால் அதே பரப்பில் 50 மடங்குக்கு மேல் ஆன்டெனா வைக்கலாம், அந்த இழப்பை ஈடுகட்ட அவற்றைச் சேர்த்து ஒரே கற்றையாகக் குவிக்க வேண்டும். அதனால் ஆன்டெனா எத்தனை இருந்தாலும் சாதாரணமாக இரண்டு லேயர்தான், சாய்வுக்கு ஒன்று. நடுவில் ஒரு ஆள் நின்றாலே கற்றை அறுந்துபோகும். கல்யாணக் கூட்டத்துக்கு நான் அதை நம்ப மாட்டேன். மொட்டை மாடியிலிருந்து டவர் நேராகத் தெரிந்தால் அது வேறு.

வைகைக்கரை:
அண்ணே, இன்று அதே மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தேன். சக்தி 23-இலேயே நின்றது, லேயர் 1. தகரக் கூரைக்குக் கீழே மேடைப் பக்கம்தான் இத்தனை நாளும் ரூட்டரை வைத்திருக்கிறேன். இன்று ரூட்டரையே ஸ்டாண்டில் மாட்டி மாடிக்கு ஏற்றி, டவரைப் பார்த்துத் திருப்பி, கீழே வரை லேன் கேபிள் இழுத்தேன். அப்லோடு 34. லேயர் இடையிடையே 2 காட்டுகிறது. சிம் முதல் வகைதான், நாளைக்கு மாற்றுகிறேன். புதன்கிழமை முகூர்த்தம் இருக்கிறது, கூட்டத்தோடு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கோபுரம்64:
மாடியில் வெயில் அடிக்காமல் ரூட்டருக்கு மேலே ஒரு அட்டை வையுங்கள், சூடு ஏறினால் அதுவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். தகரம் மட்டும் வைத்துவிடாதீர்கள்.