கட்டண விலக்கு கிடைத்தும் ஏழை மாணவர்கள் பாதியில் நிற்கிறார்களே, பல்கலைக்கழகம் வேறு என்ன செய்யலாம்?

கேள்வி:
சேர்க்கைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முழு விலக்கு வாங்கிய பிள்ளைகளே இரண்டாம் ஆண்டில் வராமல் போகிறார்கள். மதிப்பெண் நன்றாகத்தான் இருக்கிறது. மனசு கேட்கவில்லை.

பதில் 1:
நான் மாணவர் ஆலோசகர். கட்டணம் செலவில் ஒரு பங்குதான். புத்தகம், பயணம், வேலைக்குப் போகாததால் இழக்கும் கூலி எல்லாம் சேர்ந்துதான் ஆளைத் தள்ளுகிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய 'ஏசாப்' திட்டத்தைப் பாருங்கள். கட்டணத்தில் விழும் துண்டு, பாடப்புத்தகம், பயண அட்டை, அடிக்கடி கூப்பிட்டுப் பேசும் ஆலோசகர், எல்லாம் ஒரே கையில். மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆய்வு செய்தபோது, மூன்றாண்டில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் இல்லாதவர்களில் 22 சதவீதம், இருந்தவர்களில் 40 சதவீதம். அந்த ஆலோசகர் பங்கைக் குறைத்து எடை போடாதீர்கள். வீட்டில் முதல் பட்டதாரிக்கு யாரிடம் கேட்பது என்பதே தெரியாது.

பதில் 2:
சின்ன பாக்கிக்காகப் பெயரை நீக்குவதையும் நிறுத்துங்கள். ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011 முதல், படிப்பை முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களின் சிறு நிலுவையைத் தானே கட்டுகிறது. விண்ணப்பம்கூட வேண்டாம், கணக்கைப் பார்த்து அவர்களே அழைக்கிறார்கள்.

பதில் 3:
விண்ணப்பிக்கவே தயங்குபவர்கள்? மிச்சிகன் பல்கலைக்கழகம், நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு 'நான்காண்டுக் கட்டணம் இலவசம், உதவிப் படிவம் வேண்டாம்' என்று முன்கூட்டியே கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதம் வராதவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள், வந்தவர்களில் 68 சதவீதம். உதவித்தொகை முன்பும் இருந்தது, உறுதிதான் புதிது.

கேட்டவர்:
நன்றி. நிலுவைப் பட்டியலை நாளையே கணக்குப் பிரிவில் கேட்கிறேன். ஆலோசகர் ஒருவருக்கு எத்தனை மாணவர் வரை தாங்கும்?