பிறப்பதற்கு முன்பே வரி கட்டிய தாத்தா

பெகுக்காரன் எழுதியது:

எங்கள் தாத்தா பிறந்தது 1914. அவர் பெயரில் நிலவரி கட்டிய ரசீது 1909. இதை வைத்துக்கொண்டு நானும் பெரியப்பாவும் ஒன்றரை வருஷமாகச் சண்டை போட்டோம். பூர்வீகம் தேடுகிற மற்றவர்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும், சொல்லுங்கள். முதலில் என் கதை.

தாத்தா பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரில் பர்மாவின் பெகு நகரத்தில் மட்டும் பத்துப் பேர் இருப்பார்கள். இப்போது பகோ என்கிறார்கள், எங்கள் வீட்டில் இன்னும் பெகுதான். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் குண்டு விழுந்ததும் ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவை நோக்கி டாங்கப் கணவாய் வழியாகவும் தமு வழியாகவும் நடக்க ஆரம்பித்தபோது, தாத்தா நடக்கவில்லை. தகரப் பெட்டியை மாட்டுக்கொட்டகையில் புதைத்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார். அந்தப் பெட்டிதான் இப்போது பெரியப்பாவிடம் இருக்கிறது. உள்ளே இருக்கிற காகிதங்கள் எல்லாவற்றுக்கும் இடது ஓரம் ஈரத்தில் கரைந்து போயிருக்கிறது, எதை எடுத்தாலும் வரியின் முதல் இரண்டு எழுத்து இருக்காது.

மூன்று காகிதம்தான் விஷயம்.

ஒன்று, தாத்தாவின் எஃப்.ஆர்.சி., அதாவது பர்மா சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டவர் என்று பதிவு செய்து கொடுத்த அட்டை. பிறந்த வருஷம் 1914, ஊர் ராம்நாட்.

இரண்டாவது, பர்மிய மொழியில் ஒரு நிலவரி ரசீது. அதில் 1270 என்று இருக்கிறது. என் அண்ணன் அதை ரசீது நம்பர் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தான்! பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் காட்டினேன், அது பர்மிய சகாப்தம் என்றார். 638 கூட்டினால் 1908. நானும் 1908 என்றே எழுதி வைத்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்துவிட்டு, மாதம் தபாங் என்று இருக்கிறதே, இது வருஷக் கடைசி மாதமல்லவா, பர்மியப் புத்தாண்டான திஞ்சான் வருவதற்கு முன்னால், அப்படியென்றால் 639 கூட்ட வேண்டும், 1909 மார்ச் வாக்கில் என்றார். பர்மிய வருஷம் ஏப்ரல் நடுவில்தான் மாறுகிறது. நம் சித்திரை ஒன்று மாதிரியேதான், எனக்குத்தான் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

மூன்றாவது, தாத்தாவின் கணக்கு நோட்டு. முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "தாது ௵ ஆடி ௴ ௰௮ ௳ ஞாயிற்றுக்கிழமை ரங்கூன் வந்து சேர்ந்தது". அதாவது தாது வருஷம், ஆடி மாதம், பதினெட்டாம் தேதி. அந்தப் பதினெட்டை என் தங்கை "ய அ" என்று வாசித்து, யாரோ ஒருவருடைய இனிஷியல் என்று ஒரு வாரம் அலைந்தாள். பழைய கணக்கில் பத்துக்கு ய மாதிரி ஒரு குறி, எட்டுக்கு அ.

இந்த மூன்றாவதுதான் பெரியப்பாவின் பிரம்மாஸ்திரம். தாது வருஷம் என்றால் தாது வருஷப் பஞ்சம், 1876. மெட்ராஸ் ராஜதானியில் ஜனம் செத்து விழுந்த பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் கப்பல் ஏறிய குடும்பமாக்கும் நாம் என்று கல்யாண வீட்டிலெல்லாம் சொல்லியிருக்கிறார். ரசீதைக் காட்டியதும் அவருக்கு இன்னும் பலம் வந்துவிட்டது. பார், 1909இலேயே நிலம் இருந்திருக்கிறது, அட்டைதான் தப்பு, ஆபீசில் எவனோ வாய்க்கு வந்த வயசை எழுதியிருக்கிறான் என்றார். அதுவும் நடக்கிற காரியம்தான், வயசைக் கேட்டால் "சண்டைக்கு முந்தி" என்று பதில் சொன்ன தலைமுறை. ஆனால் 1876இல் வந்தவர் 1972இல் செத்தார் என்றால் கைக்குழந்தையாக வந்திருந்தாலும் வயசு தொண்ணூற்றாறு ஆகிறது, எங்கள் அப்பா பிறந்தபோது எழுபது. கேட்டால், அந்தக் காலத்து உடம்பு என்கிறார்.

முடிவு கிடைத்துவிட்டது. ஆனால் முதலில் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

மோல்மேன் அக்கா எழுதியது:

பெகுத் தம்பி, பெரியப்பாக்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

எனக்கு அம்மா விஷயத்தில் வந்த சிக்கல். அம்மாவுடைய பழைய மூன்று மடிப்பு அடையாள அட்டையில் பிறந்த தேதி 1947 ஜூலை 1. ஓலை ஜாதகத்தில் திங்கட்கிழமை என்று இருக்கிறது, தேதிப் பகுதி செல்லரித்துவிட்டது. ஜூலை 1 அந்த வருஷம் செவ்வாய். எதை நம்புவது?

அம்மாவுக்குப் பர்மியப் பெயர் ஒன்று உண்டு, கின் என்று தொடங்கும். எதிர் வீட்டு பர்மிய அம்மா வைத்த பெயர். இங்கே கிழமை பார்த்துத்தான் முதல் எழுத்து, தெரியுமில்லையா: க வரிசை என்றால் திங்கள், ச வரிசை செவ்வாய், ப, ம என்றால் வியாழன், த, ந சனி, அ என்றால் ஞாயிறு. கின் திங்கள்தான். பிரசவத்தின்போது கூடவே இருந்த அந்த அம்மாவுக்குக் கிழமை தப்பியிருக்காது. பிறகு மாமா சொன்னார், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயசு பத்தவில்லை, தலைமை வாத்தியார்தான் ஒரு தேதியைப் போட்டார் என்று. ஜூலை 1 வாத்தியார் கொடுத்த பிறந்தநாள். நாங்கள் அறுபது வருஷமாக அன்றைக்குத்தான் பாயசம் வைத்துக்கொண்டிருக்கிறோம், இனியும் அன்றைக்குத்தான் வைப்போம், அது வேறு.

இன்னொன்று, அம்மாவின் அட்டை ரோஸ் கலர். என் மகன் அதைப் பார்த்துவிட்டு, பாட்டி முழுக் குடியுரிமை வாங்கியவர் என்று குடும்ப மரத்தில் எழுதிவிட்டான். பழைய அட்டையில் ரோஸ் என்றால் பெண், பச்சை என்றால் ஆண், அவ்வளவுதான். 1989க்குப் பிறகு வந்த அட்டையில்தான் ரோஸ், நீலம், பச்சைக்குக் குடியுரிமை அர்த்தம். கலரை வைத்து ஏமாந்தவர்கள் நிறைய இருப்பீர்கள்.

ரங்கூன் 29ஆம் தெரு எழுதியது:

அக்கா சொன்ன கிழமைக் கணக்கு நல்ல வழி, ஆனால் முழுதாக நம்பிவிடாதீர்கள். எனக்குப் பர்மியப் பெயர் வைத்தது நாலாம் வகுப்பு டீச்சர், அவருக்குப் பிடித்த பெயர் அது. நான் பிறந்த கிழமைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

அப்புறம் ஒரே ஆளைப் பல ஆளாக எண்ணுகிற கூத்து. என் அத்தை ஒரு காகிதத்தில் மா, இன்னொன்றில் டோ. சின்ன வயசில் மா, பெரியவள் ஆனதும் டோ. ஆணுக்கு மவுங், கோ, ஊ. என் மச்சான் இந்த அடைமொழியெல்லாம் பெயரென்று நினைத்து ஒரே அத்தையை இரண்டு அத்தையாக்கிவிட்டான். ர-வும் அப்படித்தான். பர்மிய எழுத்தில் ர என்று எழுதினாலும் வாய் ய என்றுதான் சொல்லும், அதனால்தானே ரங்கூனே யாங்கோன் ஆனது. ர-வில் பெயர் கிடைக்காவிட்டால் ய-வில் தேடுங்கள். தெருப் பெயரும் பாருங்கள்: மொகல் தெரு என்று கடிதத்தில் இருக்கும், காகிதத்தில் ஷ்வேபோந்தா தெரு என்று இருக்கும், குடும்பம் வீடு மாறியதென்று நினைப்பீர்கள். தெருதான் பெயர் மாறியது. பிரேசர் தெரு அனோரத்தா ஆனதும் அப்படித்தான்.

டர்பன் தம்பி எழுதியது:

உங்களையெல்லாம் பார்த்தால் எங்கள் பாடு தேவலை. மேஸ்திரி கூட்டிக்கொண்டு போன உங்கள் ஆட்களுக்கு நம்பர் கிடையாது, தென்னாப்பிரிக்காவின் நாட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்த எங்கள் ஆட்களுக்கு ஆளுக்கொரு நம்பர். 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் அப்பா பெயர், வயசு, ஜில்லா, ஊர், உயரம், உடம்பில் என்ன தழும்பு என்பது வரை உண்டு. என் பாட்டனாருக்கு இடது முழங்காலில் தழும்பு. அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது, தழும்பு தெரியும்.

ஆனால் குடும்பப் பெயர் என்று வரும்போது நாங்கள் தொலைந்தோம். அவருடைய மூன்று மகன்களுக்கு மூன்று குடும்பப் பெயர். ஒருவருக்கு அப்பாவின் பெயர், ஒருவருக்கு ஜாதிப் பட்டம், கடைசிப் பையனுக்குத் தாத்தாவின் பெயர். எழுதிய குமாஸ்தா என்ன கேட்டாரோ, இவர்கள் என்ன சொன்னார்களோ. ஒரே தெருவில் இருந்த சித்தப்பா பிள்ளைகளை வேறு குடும்பம் என்று நினைத்து வளர்ந்த ஆட்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். பெகு அண்ணே, முடிவைச் சொல்லுங்கள்.

பெகுக்காரன் எழுதியது:

சொல்கிறேன். ர, ய விஷயத்துக்கு நன்றி, என் கொள்ளுப்பாட்டியை இனி ய-வில் தேட வேண்டும்.

அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே வருஷப் பெயர் திரும்பி வரும். தாது 1876, அடுத்த தாது 1936. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் தாது என்றதும் பஞ்சம் என்றே காதில் விழுந்து பழகிவிட்டது, இன்னொரு தாது இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எது என்று முடிவு செய்ய அந்த ஒரு வரியிலேயே வழி இருந்தது: ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஐயரிடம் கேட்டேன். 1936இல் ஆடி பிறந்தது ஜூலை 16, பதினெட்டாம் பெருக்கு ஆகஸ்ட் 2. கைப்பேசியில் தட்டிப் பார்த்தால் ஞாயிறு. 1876இல் பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்பின் ஆனாலும் திங்களோ செவ்வாயோதான் வருகிறது, ஞாயிறு வரவே வராது. ஆக, நோட்டு எழுதியவர் 1936இல் இறங்கியவர். அட்டைப்படி அப்போது இருபத்திரண்டு வயசு. சரியாகப் பொருந்துகிறது.

அப்படியென்றால் 1909இல் வரி கட்டியது யார்? ரசீதில் இருப்பது தாத்தாவின் பெயர் மட்டுமல்ல, "இன்னார் மகன்" என்று அவர் அப்பா பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அதனால்தான் வேறு ஆளாக இருக்கும் என்று நானே நினைக்கவில்லை.

ஊரிலிருந்து பதில் வந்தது. ஊரை முதலில் கண்டுபிடிக்கவே ஆறு மாதம் ஆனது, ஏனென்றால் பழைய கடித உறையில் மதுரை ஜில்லா, அட்டையில் ராம்நாட், இப்போதைய வரைபடத்தில் சிவகங்கை. 1910இல் ஒருமுறை பிரித்தார்கள், 1985இல் இன்னொரு முறை. ஊர் அசையாமல் கண்மாய்க்கரையிலேயேதான் இருக்கிறது. அங்கே ஒரு பங்காளி முறை அண்ணன், 1921இல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பினார். படம் கலங்கலாக இருந்தது, வெயிலில் வைத்து மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் ஒரு வரியில் தாத்தா பெயர் இரண்டு முறை வருகிறது. முதல் முறை "காலஞ்சென்ற". இரண்டாம் முறை "மேற்படியார் பேரன், மைனர், வயது 7".

பேரன் என்றாலே பெயரன்தானே. தாத்தாவுக்கு அவர் தாத்தாவின் பெயர். அவர் அப்பாவுக்கு அந்த அப்பாவின் தாத்தா பெயர். இரண்டு பெயர்தான், மாறி மாறி நாலு தலைமுறை. ஆகவே "இன்னார் மகன் இன்னார்" என்று எழுதினால் பாட்டனும் பேரனும் ஒரே ஆள்தான், எந்த ஆபீசிலும் பிரிக்க முடியாது. வரி கட்டியவர் பாட்டன். இங்கே நிலம் வாங்கி, ஊருக்குத் திரும்பி, 1921க்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ரசீதை மடியில் கட்டிக்கொண்டு பேரன் 1936இல் வந்திருக்கிறார்.

மூன்று காகிதத்தில் ஒன்றுகூடத் தப்பில்லை. அட்டை எழுதிய குமாஸ்தாவை ஒன்றரை வருஷம் திட்டியிருக்கிறோம், பாவம்.

போன ஞாயிறு பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சொன்னேன். பத்திரத்தின் படத்தை முகத்துக்குக் கிட்டே வைத்து "மைனர், வயது 7" என்பதை விரலால் தடவி இரண்டு முறை வாசித்தார். பஞ்சத்தில் கப்பல் ஏறிய கதை போய்விட்டதே என்று வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: பாட்டன் முதல்முதலாக எந்த வருஷம் வந்தான் என்று எந்தக் காகிதத்திலாவது இருக்கிறதா? இல்லை என்றேன். அப்போ தாது வருஷமாகவும் இருக்கலாம் இல்லையா என்றார்.

மறுக்க என்னிடம் காகிதம் இல்லை. வருகிற மாதம் என் அண்ணன் மகன் கல்யாணம், அங்கேயும் இந்தக் கதை ஓடும் என்று நினைக்கிறேன். 1909க்கு முந்தைய பெகு நிலவரி ரசீது யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடந்தால் ஒரு படம் அனுப்புங்கள், இடது ஓரம் கரைந்திருந்தாலும் பரவாயில்லை.