தெர்மோஸ்டேட்: வெப்பநிலைநிறுத்தியா, வெப்பமதகா?

குழுவினருக்கு வணக்கம்.

காரின் தெர்மோஸ்டேட்டுக்கு என் கையேட்டில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைக்கலாம் என்ற இழை நீண்டுவிட்டதால் எல்லா மடல்களுக்கும் சேர்த்து ஒரே மறுமொழி.

> தெர்மோஸ்டேட்டுக்கு வெப்பநிலைநிறுத்தி என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே. புதிது எதற்கு?

ஐயா, இஸ்திரிப் பெட்டிக்கும் கீசருக்கும் அந்தச் சொல் சரி. அங்கே அது ஒரு சுவிட்சு. சூடு ஏறினால் மின்சாரத்தை நிறுத்தும், ஆறினால் மறுபடி விடும். காரில் இருப்பது வேறு சாதி. சின்ன உலோகக் குப்பிக்குள் மெழுகு, அதோடு ஒரு தண்டு, ஒரு தட்டு, ஒரு ஸ்பிரிங். பெரும்பாலான கார்களில் அவ்வளவுதான். சுமார் 82 டிகிரியில் மெழுகு இளகிப் பருத்துத் தட்டைத் தள்ளும். கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், தன் சூட்டை ஆற்றிக்கொள்ள ரேடியேட்டருக்குப் போக வழி கிடைக்கும். ஆறியதும் மெழுகு சுருங்க, ஸ்பிரிங் தட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். மூடியிருக்கும் நேரத்தில் கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும்.

இதற்குப் பெயர் வைக்கும்போது அகராதியைவிட எனக்கு முக்கியம், பழுது பார்ப்பவர் சொல்லும் வாக்கியம். அதில் உட்காராத சொல் எந்த நூலில் அச்சானாலும் நிற்காது.

சில வருடங்களுக்கு முன் சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் என் பழைய காரின் வெப்பமானி முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரம் கட்டினேன். டீக்கடைக்குப் பக்கத்தில் இருந்த மெக்கானிக் வந்து முதலில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே விடவில்லை. “இப்ப திறந்தீங்கன்னா மூஞ்சி வெந்துடும் சார்.” ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தார், ஓடியது. ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கீழ் ஹோஸைக் கையால் பிடித்தார். இன்ஜின் கொதிக்கிறது, அந்த ஹோஸோ வெதுவெதுப்பாகக்கூட இல்லை. “வால்வு திறக்கலை” என்றார். இரண்டே சொல்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டுக் கழற்றினார். டீக்கடைக்காரரிடம் கேட்டு ஒரு பழைய டப்பாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கழற்றிய வால்வைக் கம்பியில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தட்டு அசையவே இல்லை.

இப்போது அவர் வாக்கியத்தில் சொற்களை மாற்றிப் பாருங்கள். “வெப்பநிலைநிறுத்தி திறக்கலை.” நிறுத்தி எப்படித் திறக்கும்? சொல்லுக்கும் வினைக்கும் ஒட்டவே இல்லை. அடுத்து,

> வால்வுக்கு ஓரதர் என்று சொல் உண்டு. வெப்ப ஓரதர் எனலாம்.

ஓர் அதர், அதாவது ஒரு வழி. திரும்பி வரவிடாத வால்வுக்கு அழகான சொல். இதய வால்வுக்குக் கச்சிதம். ஆனால் தெர்மோஸ்டேட்டின் வேலை ஒருவழிப் பாதை போடுவது இல்லை, வழியைத் திறப்பதும் மூடுவதும்தான்.

நான் சொல்ல வந்தது மதகு. வெப்பமதகு. “மதகு திறக்கலை”, “மதகு மூடலை”. வினை தானாகவே கூட வருகிறது. ஏரிப் பாசனத்தில் பிறந்த சொல், செம்பரம்பாக்கம் புண்ணியத்தில் சென்னைவாசிக்கும் தெரியும்.

> மதகைவிடத் தூம்பு பொருத்தம். குமிழித் தூம்பில் குழவி மேலே எழும்பித்தானே நீர் விடும்?

அம்மா, இந்த மடலைப் படித்துவிட்டு அரை நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். குமிழித் தூம்பு என்பது ஏரிக்குள்ளிருந்து நீர் விடும் பழைய அமைப்பு. கல்தூண்களுக்கு நடுவே குழவி என்கிற அடைகல்லைத் தூக்கினால் துளை திறக்கும். இங்கே மெழுகு தட்டை நகர்த்துகிறது. வடிவத்தில் மதகைவிடத் தூம்புதான் நெருக்கம், மறுக்கவில்லை. சிக்கல் என்னவென்றால் தூம்புக்குக் குழாய் என்றும் பொருள் உண்டு. பக்கத்திலேயே இரண்டு ஹோஸ் இருக்கும் இடத்தில் அந்தச் சொல்லை வைத்தால் வாசகர் எதைக் கழற்றுவார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

> மேட்டூரில் 16 கண் மதகு வழியே போவது உபரிநீர். மதகு என்றால் வழிந்தோடும் இடம் என்றும் ஆகுமே?

நியாயமான கேள்வி. ஆனால் மேட்டூரிலும் அது ஷட்டரை ஏற்றி இறக்கும் அமைப்புதான். தானாக வழிவதற்கு ஏரியில் கலிங்கு இருக்கிறது. கலிங்கையும் வீணாக்க வேண்டாம். ரேடியேட்டர் மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் வால்வுக்கு அதைக் கொடுத்துவிடலாம். அந்த மூடி வெறும் மூடி இல்லை, குக்கர் வெயிட்டின் தம்பி. வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய வெறும் தண்ணீர்கூட 120 வரை தாங்கும். அதற்கு மேல் அழுத்தம் ஏறினால் கலிங்கு திறந்து, கூலன்ட் பக்கத்து டப்பாவுக்கு வழியும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் சீக்கிரமே கொதித்து வழியும். பலர் அதை ஓட்டை என்று நினைத்து ரேடியேட்டரையே மாற்றிவிடுகிறார்கள். ஆறும்போது டப்பாவிலிருந்து திரும்ப உறிஞ்ச இன்னொரு குட்டி வால்வும் அதில் உண்டு. அது அடைத்துக்கொண்டால் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். அதற்குத்தான் ஓரதர் என்பேன். பார்த்தீர்களா, உங்கள் சொல்லும் வீணாகவில்லை.

ரேடியேட்டரைக் கதிர்வீசி என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது சூட்டை விடுவது பெரும்பாலும் இடுக்குகளில் புகுந்து போகும் காற்றிடம்தான், கதிர்வீச்சாக இல்லை. ஆங்கிலப் பெயரே பிழை. அதை உழைத்துத் தமிழாக்குவானேன்? சிக்னலில் நிற்கும்போது மட்டும் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் முதலில் ஃபேனைப் பார்க்கச் சொல்வதும் அதனால்தான். ரேடியேட்டர் என்றே இருக்கட்டும்.

தொப்பூர் கதையில் மிச்சம் ஒன்று உண்டு. புது வால்வு அங்கே கிடைக்கவில்லை. “கழட்டியே விட்டுடலாம் சார், நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்கு?” என்றார். சரி என்றேன். அதன்பின் நெடுஞ்சாலையில் முள் பாதிக்குக்கூட ஏறவில்லை, மைலேஜும் குறைந்தது. ஊர் திரும்பிப் புதிது போட்ட பிறகுதான் சரியானது. திறக்காத மதகைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மூடாத மதகும் பழுதுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் கையேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் இப்போதைக்கு வெப்பமதகு என்று வைத்திருக்கிறேன், முதல் இடத்தில் மட்டும் தெர்மோஸ்டேட் என்ற பெயரும் கூட வரும். தூம்பு பக்கம் இன்னும் யாராவது இருந்தால், ஹோஸுக்கு ஒரு நல்ல சொல்லோடு வாருங்கள். மறுபடி பேசுவோம்.

அன்புடன்.